‘டிசையர்ட்’ நிலையிலேயே நிற்கும் எச்டிசிபி: லினக்ஸ் கிராபிக்ஸ் டிரைவரில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

எச்டிசிபி என்பது கணினியிலிருந்து திரைக்குப் போகும் படத்தைக் குறியாக்கம் செய்து நகலெடுப்பைத் தடுக்கும் முறை. லினக்ஸில் அதன் சிக்கல்களைத் தேடிப் போகிறவர்களில் பலர் முதல் அடியிலேயே வழி தவறுவது ஒரு சொல்லால்தான். கனெக்டரின் (டிரைவரின் கணக்கில் ஒரு காட்சி வெளியீடு) ‘கன்டென்ட் புரொடெக்ஷன்’ பண்பு ‘டிசையர்ட்’ என்று காட்டுகிறது. உடனே டிரைவர் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ‘டிசையர்ட்’ பிழைச் செய்தி அல்ல. ‘பாதுகாப்பு கேட்கப்பட்டிருக்கிறது, இன்னும் கிடைக்கவில்லை’ என்பதே அதன் பொருள். கேட்டது ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பத்துக் காரணங்கள் இருக்கலாம். அவற்றில் சிலவற்றுக்குத்தான் டிரைவர் பொறுப்பு.

இந்தப் பண்பு 2018-இல் வந்த 4.17 கர்னலிலிருந்து இருக்கிறது. இதற்கு மூன்று மதிப்புகள்: 0 என்றால் அன்டிசையர்ட், 1 என்றால் டிசையர்ட், 2 என்றால் எனேபிள்ட். கம்போசிட்டரோ (சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரைக்குத் தரும் நிரல்) பிளேயரோ 0, 1 இரண்டை மட்டுமே எழுத முடியும். 2-ஐ எழுதும் உரிமை கர்னலுக்கு மட்டும்தான். ஆகவே நிலை மாறும்போதெல்லாம் ‘இதை மாற்றியது யார்?’ என்று கேளுங்கள். 0-இலிருந்து 1-க்குப் போவதும், எதிலிருந்தாவது 0-க்குத் திரும்புவதும் பயனர் பக்க வேலை. 1-இலிருந்து 2-க்கு ஏறுவதும் 2-இலிருந்து 1-க்கு இறங்குவதும் கர்னலின் வேலை. யாரும் கேட்காமல் 2 நேராக 0 ஆகிவிட்டால் அது டிரைவர் பிழை. அங்கே கேபிளைச் சந்தேகிப்பது நேர விரயம்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

டிஆர்எம் (கர்னலின் கிராபிக்ஸ் துணை அமைப்பு) டீபக் பதிவைத் திறந்துவிடுங்கள். சிஸ் அடைவின் கீழ் மாட்யூல், டிஆர்எம், பாராமீட்டர்ஸ் என்று இறங்கினால் ‘டீபக்’ என்ற கோப்பு இருக்கும். அதில் 4 என்று எழுதினால் கேஎம்எஸ் (காட்சி அமைப்பைக் கையாளும் பகுதி) செய்திகள் கர்னல் பதிவில் விழத் தொடங்கும். இன்டெலின் ஐ915 டிரைவர் தன் எச்டிசிபி செய்திகளில் பெரும்பாலானவற்றை இந்த வகையில்தான் எழுதுகிறது. அடாமிக் கமிட் (பல காட்சி மாற்றங்களை ஒரே தொகுப்பாகக் கர்னலிடம் தருவது) விவரமும் வேண்டுமென்றால் 20 எழுதுங்கள். வேலை முடிந்ததும் 0-க்குத் திருப்ப மறக்காதீர்கள், பதிவு வெள்ளமாகப் பெருகும்.

திரை எரிந்துகொண்டிருக்க வேண்டும். அணைந்திருக்கும் கனெக்டரில் டிசையர்ட் எழுதினால் அது டிசையர்ட்டாகவே காத்திருக்கும். அது சரியான நடத்தைதான்.

எழுதியவுடன் படித்துப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். சரிபார்ப்பு பின்னணியில் ஓடுகிறது. நடுவில் ரிப்பீட்டர் இருந்தால், அதாவது ஏவி ரிசீவரோ ஸ்பிளிட்டரோ இருந்தால், அது தன் கீழுள்ள சாதனங்களின் பட்டியலைத் தருவதற்கு மட்டும் எச்டிசிபி 1.4 விதிப்படி 5 நொடி வரை எடுத்துக்கொள்ளலாம். ஐ915 மூன்று முறை முயலும். ஒரு முயற்சிக்கு 6 நொடி என்று வைத்துக்கொண்டு 18 நொடி பொறுத்த பிறகுதான் ‘நிலை மாறவில்லை’ என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: கனெக்டரில் அந்தப் பண்பே இல்லை

மடிக்கணினியின் உள்திரையில் தேடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஐ915 டிரைவர் இடிபி பேனல்களுக்கு எச்டிசிபியைத் தொடங்குவதே இல்லை. அங்கே பண்பு இல்லாதது இயல்பு. விஜிஏ கனெக்டரிலும் இருக்காது, அனலாக் இணைப்புக்கு எச்டிசிபி கிடையாது. டிஸ்ப்ளேபோர்ட் எம்எஸ்டி வழியாக, அதாவது டாக்கில் பல மானிட்டர்களைச் சங்கிலியாகக் கோத்திருந்தால், பழைய கர்னல்களில் அந்தக் கனெக்டர்களுக்குப் பண்பு ஒட்டப்பட்டிருக்காது. அதே மானிட்டரை நேரடிக் கேபிளில் மாட்டிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

‘கன்டென்ட் புரொடெக்ஷன்’ இருக்கிறது, ‘எச்டிசிபி கன்டென்ட் டைப்’ மட்டும் இல்லை என்றால், கர்னல் 5.4-க்கு முந்தையதாக இருக்கலாம், அல்லது அந்த வன்பொருளுக்கு டிரைவர் எச்டிசிபி 2.2 பதிப்பை ஆதரிக்காமல் இருக்கலாம். பண்பை ஒட்டும் உதவிச் செயற்கூறில் ‘டைப் பண்பும் வேண்டுமா’ என்று தனி அளவுரு உண்டு. எச்டிசிபி 1.4 மட்டும் தெரிந்த டிரைவர் அதற்கு ‘இல்லை’ என்றே சொல்லும்.

அறிகுறி: எழுதினால் பிழை திரும்புகிறது

அனுமதி மறுப்பு வந்தால், டிஆர்எம் மாஸ்டர் உரிமை (காட்சி அமைப்பை மாற்றும் உரிமை) வேறொரு நிரலிடம் இருக்கிறது. வேலண்ட் கம்போசிட்டர் ஓடும்போது மோட்டெஸ்ட் என்ற சோதனைக் கருவியால் எழுத முடியாது, ரூட்டாக இருந்தாலும் முடியாது. டெக்ஸ்ட் கன்சோலுக்கு மாறி அங்கிருந்து இயக்குங்கள். மோட்டெஸ்ட்டில் எழுதும் வடிவம்: கனெக்டர் எண், பண்பின் பெயர், மதிப்பு மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்து ஒரே சொல்லாகத் தர வேண்டும். பெயரில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறி கட்டாயம். எக்ஸ் சர்வர் ஓடினால் எக்ஸ்ரேண்டர் வழியாகவே எழுதலாம், கன்சோலுக்குப் போகத் தேவையில்லை.

செல்லாத மதிப்பு என்ற பிழை வந்தால், பெரும்பாலும் 2-ஐ எழுத முயன்றிருப்பீர்கள். எனேபிள்ட் என்பது பட்டியலில் தெரிவதால் பலர் நேராக அதையே எழுதிப் பார்க்கிறார்கள். கர்னல் நிராகரிக்கத்தான் செய்யும், 1 எழுதுங்கள். 1 எழுதியும் அதே பிழை என்றால் அடாமிக் கமிட்டில் ‘மோட்செட் அனுமதி’ (திரை அமைப்பை முழுதாக மாற்ற அனுமதிப்பது) கொடி இருக்கிறதா என்று பாருங்கள். எச்டிசிபி நிலை மாற்றத்தை டிரைவர் முழு மோட்செட்டாகக் கணக்கிட்டால், அந்தக் கொடி இல்லாத கமிட்டைக் கர்னலின் மையப் பகுதியே தடுத்துவிடும்.

அறிகுறி: டிசையர்ட் நிலையிலேயே நிற்கிறது

அதிகம் வருவது இதுதான். கீழிருந்து மேலாகப் போவதே நல்லது: முதலில் மானிட்டர், பிறகு கேபிள், பிறகு நடுவில் உள்ள பெட்டிகள், கடைசியில் ஃபர்ம்வேர்.

டீபக்எஃப்எஸ் என்ற கர்னலின் பிழைத்தேடல் கோப்பு அமைப்பில் டிஆர்ஐ அடைவுக்குள் கனெக்டர் பெயரில் ஓர் உள் அடைவு இருக்கும். அங்கே ஐ915-க்கும் ஏஎம்டியின் ஏஎம்டிஜிபியு டிரைவருக்கும் ‘எச்டிசிபி சிங்க் கேபபிலிட்டி’ என்று முடியும் கோப்பு உண்டு. மறுமுனை 1.4 தெரிந்ததா, 2.2 தெரிந்ததா, இரண்டும் தெரியாததா என்று அது சொல்லிவிடும். ‘நன்’ என்று வந்தால் நடுவில் ஏதோ மறைக்கிறது: மலிவான கேப்சர் பெட்டி, கேவிஎம் சுவிட்ச், எச்டிஎம்ஐ-யை விஜிஏ ஆக்கும் அடாப்டர். அதைக் கழற்றிவிட்டு மீண்டும் படியுங்கள்.

எச்டிஎம்ஐ என்றால் இன்னும் ஒரு படி கீழே இறங்கலாம். அந்த போர்ட்டின் டிடிசி பஸ்ஸை (திரையோடு சிறு தகவல்களைப் பரிமாறும் ஐ2சி இணைப்பு) ஐ2சி-டிடெக்ட் கருவியால் வருடினால், பதினாறடிமான முகவரி 50-இல் இடிஐடி (மானிட்டரின் விவரப் பட்டியல்) பதில் சொல்லும், எச்டிசிபி 1.4 ஏற்பி (படத்தைப் பெறும் சாதனம்) 3ஏ-இல் பதில் சொல்லும். 50 வருகிறது, 3ஏ வரவில்லை என்றால் ஏற்பியில் எச்டிசிபி அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது இல்லவே இல்லை. சில டிவிகளில் மெனுவில் இதற்குத் தனி அமைப்பு உண்டு. தொடக்ககால 4கே டிவிகளில் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டும் 2.2 தெரிந்தவை அல்ல. போர்ட்டை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

இரண்டு முகவரியும் வருகின்றன, ஆனாலும் பதிவில் ‘பிகேஎஸ்வி செல்லாதது’ என்ற பொருளில் செய்தி விழுகிறதா? ஏற்பியின் கேஎஸ்வி (அதாவது பிகேஎஸ்வி) என்பது அதன் சாவிகளை அடையாளம் காட்டும் 40 பிட் எண். அதில் சரியாக 20 பிட் ஒன்றாகவும் 20 பிட் சுழியாகவும் இருக்க வேண்டும். டிரைவர் படித்ததும் ஒன்றுகளை எண்ணுகிறது, 20 இல்லையென்றால் இன்னொரு முறை படிக்கிறது, அப்போதும் பொருந்தாவிட்டால் விட்டுவிடுகிறது. கெட்டுப்போன கேஎஸ்வி உள்ள டிவி மிக அரிது. டிடிசி கம்பியில் படித்ததே தவறாக வந்திருக்கும் வாய்ப்புதான் அதிகம். நீளமான கேபிள், சுவருக்குள் போன எக்ஸ்டெண்டர், தளர்ந்த கனெக்டர் இவற்றைப் பாருங்கள். படம் மட்டும் அழகாக வருவதை வைத்துக் கேபிள் நல்லது என்று சொல்ல முடியாது. படம் போவது டிஎம்டிஎஸ் என்ற அதிவேகக் கம்பி இணைகளில், சாவி போவது டிடிசி-யின் இரண்டு மெல்லிய கம்பிகளில்.

‘ஆர்0 தயாராகக் காத்து நேரம் முடிந்தது’ அல்லது ‘ஆர்ஐ பொருந்தவில்லை’ என்றால் சாவிப் பரிமாற்றம் தொடங்கி நடுவில் முறிந்திருக்கிறது. நம் பக்கத்தின் கேஎஸ்வி-யை எழுதிய பிறகு ஏற்பிக்கு 100 மில்லிநொடி அவகாசம்; அதற்குப் பிறகு இரு பக்கமும் கணக்கிட்ட 16 பிட் எண் (முதலாவது ஆர்0, பிறகு வருபவை ஆர்ஐ) ஒன்றாக இருக்க வேண்டும். இது ஒரு குறிப்பிட்ட டிவியில் மட்டும், அதுவும் டிவியை இயக்கிய முதல் சில நொடிகளில் மட்டும் தோற்றால், டிவி இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. அன்டிசையர்ட் எழுதி, சில நொடி பொறுத்து, மீண்டும் டிசையர்ட் எழுதினால் ஏறிவிடும்.

ரிப்பீட்டர் தொடர்பான தோல்விகள் தனி ரகம். 1.4-இல் ஒரு மரத்தில் 127 சாதனங்கள், 7 அடுக்குகள் வரை அனுமதி. 2.2-இல் அது 31 சாதனங்கள், 4 அடுக்குகளாகக் குறைகிறது. வீட்டில் யாரும் இந்த எல்லையைத் தொடுவதில்லை. மாநாட்டு அரங்கிலும் காட்சிச் சுவரிலும் 2.2-இன் 4 அடுக்கு எளிதில் தீர்ந்துவிடும். மேட்ரிக்ஸ் சுவிட்சுக்குக் கீழே ஸ்பிளிட்டர், அதற்குக் கீழே எக்ஸ்டெண்டர் என்று போகும்போது ஒவ்வொன்றையும் எண்ணிப் பாருங்கள். ‘கேஎஸ்வி பட்டியல் தயாராகவில்லை’ என்றால் ரிப்பீட்டருக்குக் கீழே உள்ள ஏதோ ஒரு சாதனம் பதில் தரவில்லை. கீழ் போர்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குற்றவாளியைப் பிடிப்பதைத் தவிர குறுக்கு வழி இல்லை.

ரத்து செய்யப்பட்ட சாவிகளின் பட்டியலும் ஒரு காரணமாகலாம். ஃபர்ம்வேர் அடைவில் ‘டிஸ்ப்ளே எச்டிசிபி எஸ்ஆர்எம்’ என்ற பெயரில் பின் கோப்பு இருந்தால், கர்னல் ஒவ்வொரு கேஎஸ்வி-யையும் அதனோடு ஒப்பிடும். பொதுவாக அந்தக் கோப்பு கணினியில் இருப்பதில்லை, இல்லாவிட்டால் சோதனை தவிர்க்கப்படும். யாரோ ஓர் இமேஜில் சேர்த்துவைத்திருந்தால் மட்டும் இதைப் பொருட்படுத்துங்கள்.

அறிகுறி: டைப் 0-இல் ஏறுகிறது, டைப் 1-இல் ஏற மறுக்கிறது

‘எச்டிசிபி கன்டென்ட் டைப்’ பண்பில் 1 கேட்டால், ‘இந்தப் படத்தை 2.2-க்குக் குறைந்த சாதனம் எதற்கும் கொடுக்காதே’ என்று பொருள். மறுமுனை 1.4 மட்டும் என்றால் ஐ915 கீழிறங்காது, டிசையர்ட் அப்படியே நிற்கும். நடுவில் உள்ள ரிசீவர் 2.2 ஆக இருந்து, அதன் கீழே ஒரே ஒரு பழைய 1.4 புரொஜெக்டர் இருந்தாலும் இதே கதிதான். இதைச் சுற்றிப்போக முயல வேண்டாம். பழைய சாதனத்தை மாற்றுங்கள், அல்லது டைப் 0 போதுமா என்று உள்ளடக்கம் தருபவரிடம் கேளுங்கள். 2.2 சாதனமே ஆனாலும் டைப் 1 வேண்டுமென்று நீங்கள் கேட்காதவரை இயல்பு மதிப்பு டைப் 0.

மறுமுனை உறுதியாக 2.2, ஆனாலும் 1.4-இல்தான் ஏறுகிறது என்றால் நம் பக்க ஃபர்ம்வேரைப் பாருங்கள். இன்டெலில் 2.2-இன் குறியாக்கக் கணக்கை டிரைவர் தானே போடுவதில்லை. மேனேஜ்மென்ட் எஞ்சினிடம் (எம்இ, தனியாக ஓடும் உள் கட்டுப்படுத்தி) எம்இஐ-எச்டிசிபி மாட்யூல் வழியாகக் கேட்கிறது. அந்த மாட்யூல் கட்டப்படாத கர்னலில், அல்லது தனியுரிமை கருதி எம்இ முடக்கப்பட்ட மடிக்கணினியில், 2.2 எப்படிப் பார்த்தாலும் வராது. மீட்டியோர் லேக் சில்லுகளிலிருந்து அந்த வேலை ஜிஎஸ்சி (கிராபிக்ஸ் பகுதியின் பாதுகாப்புக் கட்டுப்படுத்தி) ஃபர்ம்வேருக்குப் போய்விட்டது, அங்கே அந்தக் கோப்பு ஏறியதா என்று பதிவில் பாருங்கள். ஏஎம்டியில் பிஎஸ்பி என்ற பாதுகாப்புச் செயலிக்குள் ஓடும் டிஏ (நம்பகமான சிறு நிரல்) ஃபர்ம்வேர் தேவை. பதிவில் ‘எச்டிசிபி டிஏ யூகோடு கிடைக்கவில்லை’ என்ற வரி இருந்தால் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (துவக்கத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு அமைப்பு) மீண்டும் கட்டுங்கள். வட்டில் கோப்பு இருந்தும் டிரைவர் அதற்கு முன்பே இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்து ஏறிவிடுவதால் ‘இல்லை’ என்று வருவது அடிக்கடி நடப்பது.

அறிகுறி: ஏறுகிறது, பிறகு விழுகிறது, மீண்டும் ஏறுகிறது

விழும் இடைவெளியை அளந்து பாருங்கள். எச்டிஎம்ஐ இணைப்பில் எச்டிசிபி 1.4 ஓடும்போது ஏற்பி 128 பிரேமுக்கு ஒருமுறை தன் ஆர்ஐ எண்ணைப் புதுப்பிக்கிறது. கர்னல் 2048 மில்லிநொடிக்கு ஒருமுறை இணைப்பைச் சோதிக்கிறது. 2.2-இல் 500 மில்லிநொடி. இந்தத் தாளத்திலேயே விழுந்து எழுந்தால் ஒவ்வொரு சோதனையும் தோற்கிறது. எப்போதாவது விழுந்தால் சிக்னல் விளிம்பில் நிற்கிறது.

சில பிக்சல்கள் கெடுவதால் மட்டும் எண் பொருந்தாமல் போகாது. ஒவ்வொரு பிரேமிலும் ‘இந்தப் பிரேம் குறியாக்கப்பட்டது’ என்ற சிறு அடையாளம் போகிறது. ஏற்பி அதை ஒரே ஒரு முறை தவறவிட்டால் இரு பக்கத்தின் பிரேம் எண்ணிக்கையும் பிரிந்துவிடும், அதன்பின் எதுவும் பொருந்தாது. திரையில் பனி பொழிவது போல் இரைச்சல் நிறைவது அப்போதுதான். சோதிக்கும் வழி: 4கே 60-இலிருந்து 4கே 30-க்கு இறக்குங்கள், டிஎம்டிஎஸ் வேகம் 594 மெகாஹெர்ட்ஸிலிருந்து 297-க்குப் பாதியாகும். 1080பி 60-இல் அது 148.5. வேகம் குறைந்ததும் நிலைத்து நின்றால் கேபிளை மாற்றுங்கள், டிரைவரைத் தொட வேண்டாம். 1080பி-யிலும் விழுந்தால் பதிவைப் பாருங்கள்: ஆர்ஐ பொருந்தவில்லை என்கிறதா, ஐ2சி படிப்பே தோற்றது என்கிறதா? இரண்டாவது என்றால் டிடிசி-யில் வேறு யாரோ குறுக்கிடுகிறார்கள். மானிட்டர் ஒளி அளவை டிடிசி வழியாக அடிக்கடி மாற்றும் நிரல் ஓடினால் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: எனேபிள்ட் காட்டுகிறது, ஆனாலும் படம் குறைந்த தரத்தில்தான் வருகிறது

இங்கே டிரைவர் தன் வேலையை முடித்துவிட்டது. எச்டிசிபி கேபிளை மட்டுமே காக்கிறது. ஓடிடி சேவைகள் டிகோடர் முதல் திரை வரை முழுப் பாதையும் வன்பொருளால் காக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கின்றன. மேசைக்கணினி லினக்ஸின் குரோமில் வைட்வைன் (கூகுளின் உள்ளடக்கப் பாதுகாப்பு முறை) எல்3 என்ற மென்பொருள் நிலைதான். பண்பு 2 ஆக இருப்பதால் அது எல்1 என்ற வன்பொருள் நிலை ஆகிவிடாது. வெஸ்டன் கம்போசிட்டரில் சோதிக்கிறவர்கள் அமைப்புக் கோப்பின் அவுட்புட் பகுதியில் எச்டிசிபி அனுமதி அணைக்கப்படவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: உறக்கத்திலிருந்து எழுந்ததும் அல்லது கேபிளை மாற்றிச் செருகியதும் நிலை குழம்புகிறது

திரை அணையும்போது எனேபிள்ட் டிசையர்ட்டாக இறங்க வேண்டும். திரும்ப எரியும்போது டிரைவர் தானாக மீண்டும் முயல வேண்டும். டிபிஎம்எஸ் (திரையின் மின்சேமிப்பு), ஹாட்பிளக் (கேபிளைச் செருகுவது, பிடுங்குவது), இணைப்புத் தோல்வி எல்லாவற்றுக்கும் விதி இதுவே: பயனர் வேண்டாம் என்று சொல்லும்வரை ‘வேண்டும்’ அழியக்கூடாது. எழுந்த பின் 0 காட்டினால் கம்போசிட்டர் எழுதியதா என்று அடாமிக் பதிவில் பாருங்கள், இல்லையென்றால் டிரைவர் பிழை. எழுந்த பின் 2 காட்டுகிறது, ஆனால் திரையில் பனி என்றால் அது இன்னும் மோசமான பிழை: வன்பொருள் அணைந்து எழுந்ததைப் பண்பு அறியவில்லை.

கம்போசிட்டர் எழுதுகிறவர்களுக்கு: நிலை 1-க்கும் 2-க்கும் இடையே மாறும்போது 5.4 முதல் கர்னல் ஒரு யூஇவென்ட் (பயனர் பக்க நிரல்களுக்கான அறிவிப்பு) அனுப்புகிறது. அதில் ஹாட்பிளக் குறியோடு கனெக்டர் எண்ணும் பண்பு எண்ணும் இருக்கும். பண்பு எண்ணைக் கவனிக்காமல் ஹாட்பிளக் என்று மட்டும் படித்தால், ஒவ்வொரு முறையும் எல்லா மானிட்டரையும் மீண்டும் துழாவித் திரையை மினுக்குவீர்கள். நீங்களே எழுதிய மாற்றத்துக்கு யூஇவென்ட் வராது, அதற்காகக் காத்திருந்து தொங்க வேண்டாம்.

டிரைவர் எழுதுகிறவர்களுக்கு: பூட்டு நெரிசல்

இணைப்புச் சோதனை ஒரு வொர்க்கில் (கர்னலின் பின்னணிப் பணி) ஓடுகிறது. பண்பின் மதிப்பை மாற்ற கனெக்ஷன் மியூடெக்ஸ் என்ற பூட்டு வேண்டும். எச்டிசிபியை அணைக்கும் பாதை அந்த மியூடெக்ஸை ஏற்கெனவே பிடித்துக்கொண்டு, சோதனை வொர்க் முடியட்டும் என்று காத்திருக்கும். சோதனை வொர்க் அதே மியூடெக்ஸுக்காகக் காத்திருந்தால் இரண்டும் அங்கேயே உறைந்துவிடும். பயனருக்குத் தெரிவது, கேபிளைப் பிடுங்கியதும் மேசைத்திரை முழுவதும் நின்றுபோவது. ஐ915 இதற்குக் கண்ட வழி இரண்டு வொர்க்: சோதனை வொர்க் தன் சொந்த எச்டிசிபி மியூடெக்ஸுக்குள் உள் மதிப்பை மட்டும் மாற்றி, பண்பை மாற்றும் வேலையை இன்னொரு வொர்க்கிடம் ஒப்படைக்கிறது. அந்த இரண்டாவது வொர்க் முதலில் கனெக்ஷன் மியூடெக்ஸ், பிறகு எச்டிசிபி மியூடெக்ஸ் என்ற வரிசையில் பிடிக்கிறது. உள் மதிப்பு அதற்குள் அன்டிசையர்ட் ஆகியிருந்தால் எதையும் எழுதாமல் வெளியேறுகிறது. இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிட்டால், பயனர் 0 எழுதிய ஒரு கணத்தில் தாமதமாக வந்த வொர்க் அதை மீண்டும் 1 ஆக்கிவிடும். ‘அணைத்தேன், தானாக வந்துவிட்டது’ என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.